மழையில் கார் பந்தயம்: சீறும் சூரர்களையும் நிறுத்துது ஒரு சிவப்பு கொடி! நம்ம ரோட்டில் கொடி காட்டுவது யார்?

கீழ்பென்னாத்தூர்,

கார் பந்தயம் சூடாக நடந்து கொண்டு இருக்கிறது. திடீர் என்று வானம் இருட்டி மழை பிடித்து கொண்டது. பந்தய வீரர்கள் என்ன செய்வார்கள்?

"இன்னும் வேகமாக விரட்டுவார்கள். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்?" என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

மழை வந்ததும் அவர்கள் வேகத்தை குறைக்கிறார்கள். டயரை மாற்றுகிறார்கள். தண்ணீர் தேங்கி விட்டால் பந்தயத்தையே நிறுத்தி விடுகிறார்கள். விர்ர்ர் என்று பறந்து வந்த சூரர்கள் எல்லாம், ரோட்டு ஓரத்தில் ஒரு ஆள் சிவப்பு கொடியை ஆட்டினால் பெட்டிப்பாம்பாக அடங்கி விடுகிறார்கள்.

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாக திருவண்ணாமலைக்கு போகும் ரோட்டை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. பவுர்ணமி கிரிவலம். மகா தீபம். வெளியூர் கார்கள் வரிசை கட்டி வருகின்றன. பஸ், லாரி, டிராக்டர், மொபட் எல்லாம் அதே ரோட்டில்தான். இங்கே சிவப்பு கொடி காட்ட ஆள் இல்லை. எவன் நிற்பது, எவன் போவது என்பதை அவனவனே முடிவு செய்கிறான்.

பந்தயக்காரர்கள் மழையை எப்படி சமாளிக்கிறார்கள்? அதில் நமக்கு என்ன பாடம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சோழவரம்

தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது சோழவரம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில் உள்ள ஊர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானம் இறங்குவதற்காக அங்கே ஓடுபாதை போட்டார்கள். சண்டை முடிந்தது. விமானம் போய் விட்டது. ஓடுபாதை மட்டும் சும்மா கிடந்தது.

அதில் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டி பார்க்கலாமே என்று சிலருக்கு ஆசை பிறந்தது. 1953-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சோழவரம் பந்தயம் நாடு முழுவதும் பேர் வாங்கியது. கோவை கரிவரதன், சென்னை விக்கி சந்தோக், தொழில் அதிபர் விஜய் மல்லையா போன்றவர்கள் எல்லாம் அங்கே கார் ஓட்டியவர்கள்தான்.

இது பிழைப்புக்காக நடந்த பந்தயம் அல்ல. ஆசைக்காக நடந்தது. இதைத்தான் அமெச்சூர் பந்தயம் என்கிறார்கள். வாரம் முழுக்க ஒர்க் ஷாப்பிலோ, மில்லிலோ, ஆபீசிலோ வேலை. ஞாயிற்றுக்கிழமை தலையில் ஹெல்மெட்டை மாட்டி கொண்டு பந்தயம். ஜெயித்தால் ஒரு கோப்பை. தோற்றால் காரை கட்டி இழுத்து கொண்டு வீட்டுக்கு போக வேண்டியதுதான்.

இருங்காட்டுக்கோட்டை

சோழவரத்தோடு கிளப்காரர்கள் திருப்தி அடையவில்லை. சொந்தமாக ஒரு பந்தய மைதானம் வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இடம் வாங்கி தடம் போட்டார்கள். 1990-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். அதே ஊரில்தான் ஹூண்டாய் கார் தொழிற்சாலையும் பிறகு வந்தது.

கோவை செட்டிபாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது. 1995-ல் மறைந்த கரிவரதன் பேரால் அது 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அழைக்கப்படுகிறது. அந்த கோவையில் இருந்து போனவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ம் ஆண்டு பார்முலா-1 பந்தயத்தில் கலந்து கொண்ட முதல் இந்தியர்.

மழை நாளில் நடப்பது என்ன?

கிளப் பந்தயம் நடக்கும் நாளில் காலையிலேயே வேலை தொடங்கி விடும். முதலில் கார் பரிசோதனை. பிரேக் பிடிக்கிறதா? டயர் எப்படி? இருக்கை பெல்ட் அறுந்து இருக்கிறதா? தீ அணைக்கும் கருவி உண்டா? ஆயில் ஒழுகுகிறதா? ஒவ்வொன்றாக பார்ப்பார்கள். ஒன்று சரி இல்லை என்றாலும் கார் உள்ளே போக முடியாது. "சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்ற பேச்சு அங்கே செல்லாது.

பிறகு ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து பாடம் நடத்துவார்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வளைவு வழுக்குகிறது, எந்த இடத்தில் முந்த கூடாது என்று சொல்வார்கள்.

அதிகாரி தடத்தை ஒரு முறை சுற்றி பார்ப்பார். ஆம்புலன்ஸ் நிற்கிறதா, டாக்டர் வந்து விட்டாரா என்று பார்ப்பார். ஆம்புலன்ஸ் ஒரு ஆளை ஏற்றி கொண்டு ஆஸ்பத்திரிக்கு போய் விட்டால், மாற்று ஆம்புலன்ஸ் வரும் வரை பந்தயம் கிடையாது. எத்தனை பேர் டிக்கெட் வாங்கி இருந்தாலும் சரி, காத்து கிடக்க வேண்டியதுதான்.

மழை கொட்டினால் முதலில் பாதுகாப்பு கார் ஒன்றை முன்னால் விடுவார்கள். பந்தய கார்கள் அதன் பின்னாலேயே, ஒன்றை ஒன்று முந்தாமல், ஊர்ந்து வர வேண்டும். பார்முலா கார்களின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். முன்னால் போகும் கார் எழுப்பும் தண்ணீர் புகையில் பின்னால் வருகிறவனுக்கு கண் தெரியாது. அந்த விளக்கு ஒன்றுதான் அவனுக்கு அடையாளம்.

கொடி பாஷை

பந்தய தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு ஆள் நிற்பார். 'மார்ஷல்' என்று பெயர். பெரும்பாலும் ஆசைக்காக வந்து வெயிலிலும் மழையிலும் கால்கடுக்க நிற்கிறவர்கள்.

மஞ்சள் கொடி ஆட்டினால் "முன்னால் ஆபத்து. வேகத்தை குறை. முந்தாதே" என்று அர்த்தம். மஞ்சளில் சிவப்பு கோடு போட்ட கொடி என்றால் "ரோடு வழுக்குகிறது" என்று அர்த்தம். நீல கொடி "பின்னால் வருகிறவனுக்கு வழி விடு." கருப்பு கொடியோடு கார் நம்பரை காட்டினால் "நீ வெளியே வா." சிவப்பு கொடி வந்து விட்டால் பேச்சே கிடையாது. எல்லோரும் வேகத்தை குறைத்து கொட்டகைக்கு திரும்ப வேண்டும்.

கொடியை மதிக்காதவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தண்டனை உண்டு.

தண்ணீர் மேல் மிதக்கும் கார்

மழையில் கார் ஏன் தறிகெட்டு ஓடுகிறது?

டயரில் பள்ளம் பள்ளமாக கோடுகள் இருப்பது அழகுக்காக அல்ல. ரோட்டில் நிற்கும் தண்ணீரை அந்த பள்ளம் வழியாக வெளியே தள்ளத்தான். தண்ணீர் அதிகமாக இருந்தாலோ, வேகம் அதிகமாக இருந்தாலோ, டயர் தேய்ந்து மொட்டையாக இருந்தாலோ தண்ணீரை தள்ள டயருக்கு நேரம் போதாது. அப்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து கொள்ளும். கார் ரோட்டில் ஓடாது. படகு மாதிரி தண்ணீர் மேல் மிதக்கும்! ஸ்டியரிங்கை திருப்பினாலும் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

பார்முலா-1 காரின் மழை டயர் ஒன்று, மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும் என்று டயர் தயாரிக்கும் பைரெல்லி கம்பெனி சொல்லி இருக்கிறது. ஒரு நொடியில் ஐந்தாறு குடம் தண்ணீர்! அப்படிப்பட்ட டயரை போட்டு கொண்டே அவர்கள் "போதும், நிறுத்துங்கள்" என்கிறார்கள். நாமோ மூன்று வருடம் ஓடி தேய்ந்த டயரை போட்டு கொண்டு "இன்னும் ஒரு மழையை தாங்கும்" என்கிறோம்.

கார் டயர் பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும். அது 1.6 மில்லி மீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்கு சமமாக வந்து விட்டால் அந்த டயர் செத்து விட்டது என்று அர்த்தம். குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். காசு செலவு இல்லை.

பழகின பாதை வழுக்கும்

பந்தயக்காரர்களுக்கு தெரிந்த இன்னொரு ரகசியம் உண்டு. வெயில் நாளில் எல்லா காரும் ஒரே பாதையில் போகும். அந்த இடத்தில் டயர் ரப்பர் உரசி உரசி தடத்தில் ஒட்டி கொள்ளும். வெயிலில் அதுதான் நல்ல பிடிப்பு உள்ள பாதை. மழை பெய்தால் அதே பாதை வழவழ என்று ஆகி விடும். அதனால் மழையில் கெட்டிக்காரர்கள் பழைய பாதையை விட்டு விலகி, சொரசொரப்பான இடம் தேடி ஓட்டுவார்கள்.

பிரேசில் நாட்டு வீரர் சென்னா இதில் மன்னன். 1993 ஏப்ரல் 11-ந் தேதி இங்கிலாந்தில் டோனிங்டன் என்ற இடத்தில் மழையில் பந்தயம். தொடக்கத்தில் 5-வது இடத்துக்கு தள்ளப்பட்ட அவர், ஒரே சுற்று முடிவதற்குள் முதல் இடத்துக்கு வந்து விட்டார். எல்லோரும் போன பாதையில் அவர் போகவில்லை.

நம்ம ரோட்டிலும் இதே கதைதான். லாரிகள் நின்று நின்று ஆயில் சொட்டிய இடம், பஸ் நிறுத்தம், டீக்கடை வாசல், வெள்ளை கோடு, இரும்பு தகடு போட்ட பாலம் எல்லாம் மழையில் வழுக்கும். முதல் மழைதான் ரொம்ப மோசம். பல மாத ஆயிலும் புழுதியும் ஒன்றாக கலந்து குழம்பு மாதிரி ரோட்டில் நிற்கும்.

சென்னையில் நடந்த பரபரப்பு

சென்னை தீவுத்திடலை சுற்றி ரோட்டிலேயே பார்முலா-4 கார் பந்தயம் நடத்த ஏற்பாடு ஆனது. 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் பந்தயம் என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில் மிச்சாங் புயல் வந்தது. சென்னை வெள்ளக்காடு ஆனது. பந்தயம் தள்ளி வைக்கப்பட்டது.

பிறகு 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு வெளிச்சத்தில் பந்தயம் நடந்தது. அப்போதும் மழை விடவில்லை. தடத்தை பரிசோதித்து சர்வதேச அமைப்பான எப்.ஐ.ஏ. சான்றிதழ் கொடுப்பதற்கு தாமதம் ஆனது. சான்றிதழ் இல்லாமல் பந்தயம் கூடாது என்பதால், அதை வாங்க இரவு 8 மணி வரை ஐகோர்ட்டு அவகாசம் கொடுத்தது. கோடிக்கணக்கில் செலவு செய்த பந்தயம். மேடை, விளக்கு, கூட்டம் எல்லாம் தயார். ஆனாலும் ஒரு காகிதம் கைக்கு வரும் வரை கார்கள் காத்து நின்றன! நடுவில் ஒரு நாய் தடத்துக்குள் புகுந்து ஓடியது. அதற்கும் நின்றார்கள்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். 2021 ஆகஸ்டு 29-ந் தேதி பெல்ஜியம் நாட்டில் பார்முலா-1 பந்தயம். விடாத மழை. மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பாதுகாப்பு கார் பின்னால் சில சுற்று ஊர்ந்து விட்டு நிறுத்தி விட்டார்கள். பணம் கொடுத்து வந்த ஜனங்கள் திட்டினார்கள். ஆனால் யாரும் சாகவில்லை.

கொடியை தாண்டியதால் போன உயிர்

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. 2014 அக்டோபர் 5-ந் தேதி ஜப்பானில் சுசூகா தடத்தில் மழை. ஒரு கார் வழுக்கி வெளியே போனது. அதை தூக்க மீட்பு வாகனம் உள்ளே வந்தது. மஞ்சள் கொடி ஆட்டினார்கள். அடுத்து வந்த பிரான்சு வீரர் ஜூல்ஸ் பியாஞ்சியின் கார் தண்ணீரில் கட்டுப்பாட்டை இழந்து அந்த மீட்பு வாகனத்தில் மோதியது. பல மாதம் நினைவு இல்லாமல் கிடந்து 2015 ஜூலை 17-ந் தேதி இறந்தார். வயது 25.

விசாரணை குழு சொன்ன முக்கியமான விஷயம், கட்டுப்பாட்டை இழக்காத அளவுக்கு அவர் வேகத்தை குறைக்கவில்லை என்பதுதான். உலகத்தின் சிறந்த ஓட்டுனர்களில் ஒருவருக்கே இந்த கதி.

இருங்காட்டுக்கோட்டையிலும் உயிர் போய் இருக்கிறது. 2023 ஜனவரி 8-ந் தேதி கார் பந்தயத்தில் 59 வயது வீரர் ஒருவர் பலி ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயது சிறுவன் விழுந்து இறந்தான். டாக்டர், ஆம்புலன்ஸ், ஹெல்மெட், கொடி எல்லாம் இருக்கிற இடத்திலேயே இப்படி. ஒன்றும் இல்லாத இடத்தில்?

அஜீத்குமார்

"நடிகர் அஜீத்குமார் ஓட்டவில்லையா?" என்று இளவட்டங்கள் கேட்கலாம்.

ஓட்டினார். 2025 ஜனவரி 7-ந் தேதி துபாயில் பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதி சுழன்றது. வீடியோவை பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறியது. அவர் காயம் இல்லாமல் எழுந்து நடந்து வந்தார். சில நாட்களில் நடந்த 24 மணி நேர பந்தயத்தில் அவருடைய அணி ஒரு பிரிவில் 3-வது இடம் பிடித்தது.

அவர் எப்படி தப்பினார்? பந்தய காருக்குள் இரும்பு கூண்டு இருக்கிறது. இரண்டு தோளையும் இடுப்பையும் இறுக்கி பிடிக்கும் பெல்ட் இருக்கிறது. எதிரே பஸ் வராது. குறுக்கே மாடு வராது. ரோட்டு ஓரத்தில் புளியமரம் இல்லை. நம்ம ரோட்டில் இது அத்தனையும் தலைகீழ். தலையில் ஹெல்மெட் கூட இல்லாமல், மழை தண்ணீரை வாரி இறைத்து கொண்டு 'வீலிங்' விடுகிற தம்பிகள் இதை யோசிக்க வேண்டும்.

பொது ரோட்டில் பந்தயம் விடுவது குற்றம். மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவின்படி முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் ஒரு வருடம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 18 வயது ஆகாத பையனிடம் வண்டியை கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றவர்களுக்கு 3 வருடம் வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. 2019-ல் சட்டத்தை இறுக்கியதில் வந்த தண்டனை இது.

நம்ம ரோடு

கீழ்பென்னாத்தூர் வழியாக போவது 77-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கிற ரோடு. 2023 அக்டோபரில் இதே ரோட்டில் செங்கம் பக்கம் பத்து நாள் இடைவெளியில் நடந்த இரண்டு கோர விபத்துகளில் 10-க்கும் அதிகமானவர்கள் பலி ஆனார்கள்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கொட்டிய மழையில் டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலை அடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிர் இழந்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13-ந் தேதி மகா தீபம். மழையும் தீபமும் கூட்டமும் ஒரே மாதத்தில் வருவது இந்த பக்கத்தின் வழக்கம். நம்மால் மழையை தள்ளி வைக்க முடியாது. தீபத்தையும் தள்ளி வைக்க முடியாது. ஆனால் வேகத்தை தள்ளி வைக்கலாம்.

பந்தயத்துக்கு முன்னால் அதிகாரி தடத்தை சுற்றி பார்க்கிற மாதிரி, அடைமழைக்கு முன்னால் இந்த ரோட்டையும் அதிகாரிகள் ஒரு தடவை சுற்றி பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது? தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே? இரவில் மினுக்கும் பட்டை இல்லாமல் தடுப்பு எங்கே நிற்கிறது? இது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல.

நம்ம ஜனங்களுக்கும் பங்கு இருக்கிறது. நெல்லும் மல்லாட்டையும் ரோட்டில் காய வைத்து விட்டு, சுற்றி வைத்த கல்லை அப்படியே விட்டு போக கூடாது. மழையில் அந்த கல் கண்ணுக்கு தெரியாது. சேற்று வயலில் இருந்து ஏறும் டிராக்டர் ரோடு முழுக்க மண்ணை அப்பி விட்டு போகிறது. மண் நனைந்தால் மொபட் காரனுக்கு அது வழுக்கு மரம். ஒரு மண்வெட்டி எடுத்து தள்ளி விட்டால் ஒரு உயிர் மிச்சம்.

மழையில் ஓட்டுகிறவர்களுக்கு

பந்தயக்காரர்கள் செய்வதில் நாமும் செய்ய கூடியவை சில:

முன்னால் போகும் வண்டி ஒரு புளியமரத்தை தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். நீங்கள் அந்த மரத்தை தொட குறைந்தது 4 நொடி ஆக வேண்டும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடி விடும் என்பதை மறக்க வேண்டாம்.

பகலாக இருந்தாலும் மழையில் விளக்கை போடுங்கள். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

கார் தண்ணீர் மேல் மிதப்பது போல இருந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரில் இருந்து மெதுவாக காலை எடுத்து, நேராக பிடியுங்கள். டயர் மறுபடி ரோட்டை பிடிக்கும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதை விடுங்கள். காற்று அடித்தால் குடை வண்டியையே இழுத்து சாய்த்து விடும். ஓரமாக நில்லுங்கள். மழை விட்டதும் போகலாம்.

அடிபட்டு கிடந்தால் வேடிக்கை பார்க்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு உதவும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. "காசு இல்லையே" என்று ஆஸ்பத்திரிக்கு போகாமல் இருக்க வேண்டாம்.

கட்டுப்பாட்டை இழந்து...

விபத்து செய்தி என்றால் பத்திரிகைகளில் ஒரு வரி தவறாமல் வரும். 'கண் இமைக்கும் நேரத்தில் கட்டுப்பாட்டை இழந்து தறிகெட்டு ஓடிய கார்...' என்று எழுதுவார்கள். படிக்கிறவர்களும் தலைவிதி என்று நினைத்து கொள்கிறார்கள்.

பந்தய தடத்தில் அந்த வரி செல்லாது. ஏன் கட்டுப்பாட்டை இழந்தது என்று கேட்பார்கள். டயரை பார்ப்பார்கள். வேகத்தை பார்ப்பார்கள். கொடியை பார்த்தாயா என்று கேட்பார்கள். பியாஞ்சி செத்த பிறகும் கேட்டார்கள்.

வருகிற மழையில் செஞ்சி ரோட்டில் வண்டியை எடுக்கும் முன்பு அந்த கேள்வியை நமக்கு நாமே கேட்டு கொள்ளலாம். வாசலில் குனிந்து டயரை பார்க்க அரை நிமிடம் போதும். மழை ரொம்ப பிடித்து கொண்டதா? ரோட்டு ஓர டீக்கடை எங்கும் இருக்கிறது. இறங்கி ஒரு டீ குடியுங்கள். வீட்டுக்கு அரை மணி நேரம் தாமதமாக போனால் பெண்சாதி இரண்டு வார்த்தை திட்டுவாள். அவ்வளவுதானே!